கஞ்சி குடிச்ச பிளசர்

அதத்தான் சொல்ல வாரேன், கொஞ்சம் பொறுங்கண்ணே. அது துருவும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. கஞ்சி. அட, சிரிக்காதீங்க, நெசமாத்தான். அரிசிக் கஞ்சி. காலைல இருந்து கம்பிய விட்டுக் குத்திக் குத்திப் பாக்குறீங்களே அந்தப் பழைய ரேடியேட்டரு, அதுக்குள்ள எங்க அத்தை ஒரு பானைக் கஞ்சிய ஊத்துனாக. அதுதான் உள்ளுக்குள்ள காஞ்சு கல்லாக் கெடக்கு. அப்ப எறும்புகூட வந்துச்சு.

பின்ன? புதுப்பானை ஒழுகுனா என்ன செய்வோம்? உங்க வீட்ல என்ன செய்வாக? கஞ்சிய ஊத்தி ஒருநாப் பூரா வச்சா கண்ணெல்லாம் அடைச்சுக்கும், அப்பறம் ஒழுகாது. அத்தைக்குத் தெரிஞ்சது அதுதான். டிரைவரு வந்து, காருக்கு முன்னால இருக்க தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னான். இவுக, பானைய விடவா இது பெரிய சாமான்னு சொல்லிட்டு, வேலைக்காரி காத்தாயிய விட்டுக் கஞ்சிய எடுத்தாரச் சொல்லி, தானே நின்னு ஊத்துனாக. அத்தோட மஞ்சப்பொடி வேற. மஞ்சப்பொடி எதுக்குன்னு இன்னைய வரைக்கும் எனக்கு வெளங்கல. டிரைவரு பாவம், கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னான். ஆனா ஒண்ணு சொல்லணும், ஒழுகல் நின்னுபோச்சு. அன்னைக்குப் பூரா அத்தைக்குப் பெருமை பிடிபடல. வர்றவுக போறவுககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாக.

எப்பவா? சண்டை நடந்துக்கிட்டு இருந்துச்சுல்ல. சப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸ விட்டு ஆளுகல்லாம் பொட்டி படுக்கையோட இங்கிட்டு ஓடியாந்தாகளே, அந்த வருசம். அதுல இருந்து வண்டி இந்தக் கொட்டகையிலதான் கல்லு மேல நின்னுச்சு. நானும் அதுல இருந்து... சரி விடுங்க. அந்த ஸ்பானர எடுத்துக்கங்க, கால்ல மிதிச்சிரப் போறீங்க.

நான் சன்னல்ல உக்காந்து வாயடிக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இன்னைக்கு இதுதான் உத்தியோகம். எங்க வீட்டுக்காரவுக காலைல கெளம்புறப்ப, அரிசிக் கூடத்துச் சன்னலத் தெறந்து வச்சுப் பாத்துக்க, மெக்கானிக்கு பெட்ரோல உறிஞ்சிருவான்னு சொல்லிட்டுப் போனாக. கூப்பனுக்கு வாங்குன பெட்ரோலாச்சே. கோவிச்சுக்காதீங்க, அவுக எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுவாக, என்னையும் சேத்து. நீங்க சூசைராஜ்தானே? போன வாரம் டயரு மாட்ட வந்தப்பவே பேரு காதுல விழுந்துச்சு. நான் அண்ணேன்னே கூப்புடுறேன். அம்மான்னு சொல்லாதீங்க என்னைய, உங்கள விட ரொம்ப எளையவ. அமராவதி. இந்த வீட்ல அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட ஆளில்ல, நீங்களாச்சும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

ஏண்ணே, இது இன்னைக்கு ஓடிருமா?

சாயங்காலம்னா எப்ப? வெயில் சாயிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். அவுக வந்து கேட்டா சொல்லணும்ல.

அது என்ன, மாத்து ரேடியேட்டரா? போல்ட்டு ஓட்டை ஒத்து வரலையா? மிலிட்டரிக்காரன் கழிச்சுக்கட்டுன சாமான்ல எடுத்ததா? அடப் பாவமே, அப்ப இது சண்டைக்குப் போயிட்டு வந்த ரேடியேட்டரா. நம்ம வண்டி மூஞ்சிக்குள்ள அடங்குமா? அரத்தப் போட்டு ராவுனா உக்காந்துருமா? ராவுங்க, ராவுங்க. நான் பேசுனா வேலை கெட்டுப் போகாதுல்ல? அத்தை உள்ள சாப்புட்டுப் படுத்திருக்காக, அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்குப் பேச ஆளு கெடைக்கிறது அபூர்வம், அதான்.

இந்த வண்டி வந்த கதைய யாராச்சும் சொன்னாகளா உங்களுக்கு? எங்க மாமா, மாமனாரு, புதுக்கோட்டை தர்பாருல உத்தியோகம் பாத்தவுக. வெள்ளக்காரன் ஒருத்தன் சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போனான், இவுக வாங்குனாக. வாங்குன அன்னைக்கே ஒரு சட்டம் போட்டாக. இந்த வீட்டுப் பொம்பளைக வெளிய போனா இனிமே இந்தப் பிளசர் கார்லதான் போகணும். மாட்டுவண்டி கூடாது, கண்டவன் ஏறி உக்காந்த பஸ்ஸு கூடவே கூடாது, நடக்குறத நெனைச்சே பாக்கக் கூடாது. பின் சீட்டச் சுத்தி நீலத் திரை தொங்குதுல்ல, அதுக்குத்தான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வர்றப்ப எங்க ஊருப் பிள்ளைகல்லாம், ஒனக்கென்னடி, பிளசர்ல போவ, பிளசர்ல வருவன்னு வயித்தெரிச்சப்பட்டாளுக. எனக்கும் பெருமைதான், ஒளிப்பானேன்.

வண்டி நின்னுபோச்சு, சட்டம் நிக்கல. மாமாவும் போய்ச் சேந்துட்டாக. இந்த வருசம் சமஸ்தானமே போயிருச்சு. எல்லாம் ஒரே தேசமாயிருச்சுங்கிறாக, சுதந்திரங்கிறாக, நானும் மாடில நின்னு வேட்டுச் சத்தத்தக் கேட்டேன். இந்த வீட்ல மட்டும் மாமா சொன்னது சொன்னதுதான். பொம்பளைக போனா வண்டியில போகணும். வண்டி ஓடாது. அதனால போக வேணாம். எவ்வளவு சுளுவா முடிச்சுட்டாக பாத்தீங்களா? கேட்டுல ஆண்டியப்பன் உக்காந்திருக்கான்ல, காவக்காரன், ரொம்ப நல்லவன். என்னையப் பாத்தா எந்திரிச்சுத் துண்ட இடுப்புல கட்டிக் கும்புடுவான். கும்புட்டுக்கிட்டே வழிய மறிச்சு நிப்பான்.

ஆம்பளைகளுக்கா? அவுக எதுல வேணும்னாலும் போலாம். காலைலகூட அவுகளும் பங்காளி ரெண்டு பேரும் பஸ்ஸுலதான் போனாக. அதனாலதான் வண்டியச் சரி பண்ணணும்னு இத்தன வருசமா யாருக்கும் தோணல. சண்டையில பெட்ரோலு கெடைக்கல, அது வாஸ்தவம். டிரைவரும் மறுமாசமே மிலிட்டரில சேந்துட்டான். அப்பறம் சண்டை முடிஞ்சுச்சு, பெட்ரோலு கெடச்சுச்சு, வண்டி மட்டும் கல்லு மேலயே நின்னுச்சு. கோழி அடை வச்சு குஞ்சு பொரிச்சுச்சு அந்தச் சீட்டுல. நானே பாத்திருக்கேன்.

கடைசியா இதுல நான் போனது எங்க செவந்தி சடங்குக்கு. செவந்தி என் தங்கச்சி. அவளப் பெத்துப் போட்டுட்டு எங்க ஆத்தா கண்ண மூடிருச்சு, நாந்தான் இடுப்புல தூக்கி வளத்தேன். என் கல்யாணத்தன்னைக்கு வண்டியில ஏறவிடாம என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல, அவ வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாக. அவ ஆளானான்னு சேதி வந்ததும் எனக்குக் கால் தரையில நிக்கல. பட்டுச்சேலை, தாம்பாளத்துல பூவு பழம், அவளுக்குன்னு ஒரு பச்சைத் தாவணி, எல்லாத்தையும் மடில வச்சுக்கிட்டு பின்னால உக்காந்திருக்கேன். அத்தை கஞ்சி ஊத்துனதுக்கு மறுநாளு அது.

அன்னவாசல் தாண்டி ஒரு ஏத்தம் வருமே, அங்க போறப்ப மொதல்ல வாசம்தான் வந்துச்சு. சோறு வடிக்கிற வாசம். பக்கத்துல எங்கயோ வீட்ல ஒல கொதிக்குதுன்னு நெனைச்சேன். பாத்தா முன்னால குபுகுபுன்னு ஆவி. டிரைவரு எறங்கி மூடியத் தெறந்தான், அவ்வளவுதான், மஞ்சக் கஞ்சி பொங்கிப் பீச்சி அடிக்கிது. கண்ணாடியெல்லாம் கஞ்சி, அவன் சட்டை மீசையெல்லாம் கஞ்சி. ஆடு மேச்சவுக ஓடியாந்து நின்னு, என்னப்பா, நடுரோட்ல பொங்க வச்சிருக்கீகன்னு கேக்குறாக. திரைக்குள்ள எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. அப்பறம்தான் அழுகை வந்துச்சு.

அந்நேரம் பாத்து புதுக்கோட்டை பஸ்ஸு வந்து நின்னுச்சுண்ணே. கண்டக்டரு எறங்கி வந்து, வாங்கம்மா, எடம் இருக்கு, எறக்கி விட்டுர்றேன்னாரு. திரைய லேசா வெலக்கிப் பாத்தேன். முன்னாலயே ஒரு சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. ஒரு பொம்பள பிள்ளைய மடில வச்சுக்கிட்டு நகந்து உக்காந்து எனக்கு எடம் விடுது. டிரைவரு கையெடுத்துக் கும்புட்டான், ஏறிராதீகம்மா, அய்யா என்னையக் கொன்னுருவாகன்னு. பஸ்ஸு போயிருச்சு. ரெண்டு மாட்டக் கொண்டாந்து கட்டி வண்டிய இழுத்தாக. எங்கப்பா ஊரு திருவரங்குளத்துக்கா இழுப்பாக? இங்கதான். பட்டுச்சேலையோட திரைக்குள்ள உக்காந்துக்கிட்டு மாட்டு மணியக் கேட்டுக்கிட்டே வந்தேன். தாவணி இன்னும் எம்பொட்டில கெடக்கு.

அதுக்கப்பறம் அவளப் பாத்தேனாவா? எங்க பாக்குறது. எங்கப்பா பொங்கலுக்குச் சீரு கொண்டாருவாரு. முன் கூடத்துல அவுககூட உக்காந்து பேசிட்டுப் போயிருவாரு. கதவுக்குப் பின்னால நின்னு, செவந்தி எப்பிடிப்பா இருக்கான்னு கேப்பேன். பாதிநாளு எங்க வீட்டுக்காரவுகதான் பதில் சொல்லுவாக, நல்லாருக்காளாம்னு. வயசுப் பிள்ளைய இங்கிட்டு அனுப்பவும் மாட்டாக. போன வருசம் கோயில் திருவிழாக்குப் போன காத்தாயி பாத்துட்டு வந்து, அப்பிடியே உங்கள உரிச்சு வச்சிருக்கும்மான்னா. அதக் கேட்டு எனக்குச் சந்தோசமா இருந்திருக்கணும்ல. ஏனோ பயமாத்தான் இருந்துச்சு.

உக்காந்துருச்சா? அட, சொன்ன மாதிரியே. அடில ரப்பர வெட்டி வைக்கிறீங்களே, அது எதுக்கு? குலுங்குனா தகரம் கிழியாம இருக்கவா. அதுக்கும் மெத்தை கேக்குது பாருங்க. இனி அந்த ரப்பர் குழா ரெண்டும் மாட்டுனா முடிஞ்சுச்சா? பழச நான் தொட்டுப் பாத்தேன் நேத்து, முறுக்கு மாதிரி ஒடியிது. புதுசு ஏற மாட்டேங்குதா? ரொம்ப எறுக்கமாத்தான் இருக்கும். இருங்க, வெளக்கெண்ண தாரேன். இந்தாங்க, கம்பிக்குள்ள கைய விட்டு வாங்கிக்கங்க. குழா வாய்ல தடவுங்க, வழுக்கிக்கிட்டு ஏறும். பாத்தீங்களா. கிளிப்ப நல்லா முறுக்குங்க, வழியில கழண்டு வந்துரக் கூடாது.

அண்ணி பேரு என்ன? செபமாலையா. நல்ல பேரு. அவுக தனியா பஸ்ஸுல போவாகளா? ஆவூரு தேருக்கா? பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு, நீங்க இல்லாமலா? உங்ககிட்டக் கேட்டுட்டுப் போவாகளா, சொல்லிட்டுப் போவாகளா? ...சொல்லிட்டு. ம். போயிட்டு வந்து என்ன சொல்லுவாக? வெயிலு, கூட்டம், காலு வலின்னு திட்டிக்கிட்டே வருவாகளா? எனக்கு அப்பிடி ஒருநா காலு வலிக்கணும்ண்ணே. பஸ்ஸ்டாண்டுல வெள்ளரிக்கா வாங்கித் தின்னுட்டு, இந்தக் கூட்டத்துல மனுசி போவாளான்னு வஞ்சுக்கிட்டே வரணும். இங்க எனக்குக் கொறை ஒண்ணும் இல்லன்னு எல்லாரும் சொல்றாக. நெல்லு இருக்கு, நகை இருக்கு. மாடில நின்னா பஸ்ஸோட மேல்தகரம் தெரியும், அதுல கட்டியிருக்க மூட்டை முடிச்சு தெரியும். ஆளு தெரியாது. மதிலு ஒசரம்.

எதுக்கு இவ்வளவு அவசரங்கிறீங்களா? அவுக சொல்லலையா உங்ககிட்ட, எதுக்கு வண்டியச் சரி பண்ணச் சொன்னாகன்னு? விசேசம்னு மட்டும் சொன்னாகளா. விசேசந்தான். பொண்ணழைப்பு. புதுப் பொண்ண இந்த வண்டியில உக்கார வச்சுக் கூட்டியாரணும், பூவெல்லாம் சுத்தி. யாருக்குப் பொண்ணா? இந்த வீட்ல வேற ஆம்பள யாரு இருக்கா. அவுகளுக்குத்தான்.

ஏன் கைய நிறுத்திட்டீங்க? வேலையப் பாருங்கண்ணே. எனக்கு வயிறு தெறக்கல. இத்தன வருசமாச்சு. திருச்சி டாக்டரம்மாகிட்டக் காட்டலாம்னு ஒருதரம் சொன்னேன். எதுல போறதுன்னு கேட்டாக. இப்ப என்னமோ மெட்ராஸுல சட்டம் வரப்போகுதாம்ல, ஒருத்தி இருக்கப்ப இன்னொருத்தியக் கட்டக்கூடாதுன்னு. பேப்பருல போட்டிருக்கான்னு பேசிக்கிட்டாக. அதுக்குள்ள முடிச்சுரணும்னுதான் இந்த ஓட்டம். பாருங்க, நான் போறதுக்குன்னா வண்டி ஆறு வருசம் கல்லு மேல நிக்கிது. இன்னொருத்தி உள்ள வாரதுக்குன்னா ஒரு மாசத்துல டயரு வருது, ரேடியேட்டரு வருது. கோவம் வராதா மனுசிக்கு?

கேட்டாகளாவா? என்னையவா? எங்க ஆளுகள்ல ஒரு மொறை இருக்கு. மூத்தவளுக்குச் சம்மதம் இருந்தாத்தான் ரெண்டாவதுக்குத் தாம்பூலம் மாத்துவாக. மூத்தவ சபைக்கு வரலைன்னா, அவ கல்யாணத்துல கட்டுன கூறச்சேலைய அவ கையால மடிச்சுக் குடுத்து விடணும். அதத் தாம்பாளத்துல வச்சுத் தூக்கிக் காட்டுவாக. சபையில பெரியவரு, மூத்தவ சேலை வந்துருச்சு, யாருக்காச்சும் மறுப்பு உண்டான்னு கேப்பாரு. அதுக்கு யாரு வாயத் தெறக்கப் போறா. அம்புட்டுத்தான். இன்னைக்கு விடியக்காலைல என் பொட்டியத் தெறந்தா சேலையக் காணோம். அத்தைகிட்டப் போய்க் கேட்டேன். பொட்டில கெடந்து என்னத்துக்கு ஆகப் போகுதுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாக.

அவுக இன்னைக்குப் போயிருக்கது பரிசம் போடத்தான். ராகுகாலம் கழிச்சு, வெளக்கு வச்சுத்தான் தாம்பூலம் மாத்துவாக.

சரி சரி, நீங்க தண்ணி ஊத்துங்க. கெணத்துத் தண்ணி வேணாம், சவரு, உப்புப் படிஞ்சு இதும் கெட்டுப்போகும். கொல்லையில அண்டாவுல ஊருணித் தண்ணி இருக்கு. போங்க, அங்கிட்டு, தொழுவத்துக்குப் பக்கத்துல. வாளி அங்கயே இருக்கு.

...மெதுவா ஊத்துங்கண்ணே. காத்து அடைச்சுக்காம போகணும்ல. ஒழுகுதா கீழ? ஒரு சொட்டுகூட இல்லையா? குனிஞ்சு நல்லாப் பாருங்க. அப்பாடி.

எங்கிட்டுப் பாக்குறீங்க? சன்னல்ல இல்ல. இங்கதான், வண்டிக்குள்ள. நீங்க தண்ணிக்குப் போனப்ப கூடத்துப் பின்கதவத் தெறந்து வந்து ஏறுனேன். திரை கிழிஞ்சிருக்கான்னு பாக்கலாம்னு வந்தேன். கிழியல, மடிப்புலதான் நைஞ்சிருக்கு. சீட்டுல இன்னும் கோழி வாசம் போகல.

எறங்குறேன், எறங்குறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். நிக்க வச்சு ஓட்டுனா மட்டும் ரேடியேட்டரு நல்லாருக்கா இல்லையான்னு தெரிஞ்சுருமா? தெரியாதுல்ல. கொஞ்சம் தூரம் போகணும், ஏத்தம் ஏறணும், எஞ்சினு நல்லாச் சூடாகணும்னு காலைல நீங்களே சொன்னீங்க. பெட்ரோலு போட்டுத்தான் வச்சிருக்கு, நாந்தானே காவல் காத்தேன். அதுக்கு எப்பிடியும் வெளிய எடுக்கத்தானே போறீங்க. அந்தப் போக்குல நானும் இப்பிடியே உக்காந்திருக்கேன்.

பதறாதீங்க. கேட்டப் பத்தித்தானே? ஆண்டியப்பனுக்கு உத்தரவு என்ன, நடந்து வந்தா மறிக்கணும், பிளசரு வந்தாத் தெறக்கணும். திரைய இழுத்துவிட்டா அவன் உள்ள பாக்கவே மாட்டான், தலையக் குனிஞ்சுக்குவான், மாமா காலத்துல இருந்து அப்பிடித்தான் பழக்கியிருக்காக. இந்த வீட்டுச் சட்டத்த நான் ஒரு நூலுகூட மீறல. இந்த வீட்டுப் பொம்பள, இந்த வீட்டு வண்டியில, திரைக்குள்ள போறா. என்ன தப்பு அதுல?

உங்களுக்கு வம்பு வரும். வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஏறி உக்காந்துக்கிட்டா, எறங்க மாட்டேன்னா, வீட்டுக்காரம்மாவ நான் கையப் புடிச்சா இழுக்க முடியும்னு சொல்லிக்கங்க. அது நெசந்தானே? நான் இப்ப எறங்கப் போறதில்ல. உங்களையும் இதுல மாட்டி விடுறேன்னு எனக்கே மனசு உறுத்துது. ஆனா எனக்கு வேற ஆளு இல்லண்ணே. நடந்து போனா, புருசன் வீட்டவிட்டு ஓடியாந்தவம்பாக. பஸ்ஸுல போய் எறங்குனா, மானங்கெட்டவம்பாக. வாசல்லயே நிறுத்திருவாக, சபையில ஏற விட மாட்டாக. இந்தப் பிளசர்ல போய் எறங்குனா மட்டுந்தான் எல்லாரும் எந்திரிச்சு நிப்பாக. அப்ப நான் மூத்தவ. அந்தச் சேலைய நான் குடுக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தாம்பாளம் நகராது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலைல இருந்து உங்க ஸ்பானரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ரொம்ப தூரமில்ல. புதுக்கோட்டை டவுனத் தாண்டிக் கெழக்க, திருவரங்குளம். இப்பக் கெளம்புனா வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிரலாம்ல? கொதிச்சா நிறுத்தித் தண்ணி ஊத்திக்கலாம், பின்னால கொடத்துல எடுத்து வச்சிருக்கேன்.

ஆமா, எங்கப்பா ஊருதான். நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

பொண்ணு யாருன்னு இப்பத்தான் கேக்குறீங்க. நானும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாமத்தான் சுத்திச் சுத்தி வந்தேன். செவந்திதாண்ணே. காத்தாயி பஸ்ஸு நிக்கிற எடத்துல அவுக பேசிக்கிட்டதக் கேட்டுட்டு வந்து காலைல சொன்னா. அவள என்ன சொல்லிச் சம்மதிக்க வச்சிருப்பாகன்னு எனக்குத் தெரியும். அக்கா ஒத்தையில கெடக்கா, ஒன்னைய வரச்சொல்லிச் சேலையும் குடுத்து விட்டிருக்கான்னு சொல்லியிருப்பாக. அந்தக் கழுதை ஒரு நிமிசம்கூட யோசிச்சிருக்க மாட்டா. அக்காகூட இருக்கலாம்னதும் சரின்னுட்டு, இந்நேரம் தலையச் சீவிப் பூவச்சுக்கிட்டு சந்தோசமா உக்காந்திருப்பா. முன்னால போய் ஹேண்டிலச் சுத்திக் கெளப்புங்கண்ணே.